பிள்ளையார் தெற்கு வரிசைக்கு வந்த கதை

ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தார் ரோடு போடுவதற்காக ஒரு ரோலரைக் கொண்டுவந்து கிழக்கு முனையில் நிறுத்தினார்கள். தார் பின்னாலேயே வருகிறது என்றார்கள். கோடை விடுமுறை தொடங்கிப் பாதி கழிந்தும் தார் வந்தபாடில்லை. அதற்குள் ரோலர் எங்கள் தெருவாசிகளில் ஒன்றாகிவிட்டது. அதன் இருக்கையில் ஒரு கோழி முட்டையிட ஆரம்பித்தது. மூலைவீட்டுச் சின்னம்மா அதன் கம்பியில் கொடி கட்டித் துணி உலர்த்தினார். ரோலர் டிரைவர் மட்டும் தினமும் காலையில் தவறாமல் வந்து, வண்டியைத் துடைத்துவிட்டு, அதன் நிழலிலேயே படுத்துத் தூங்கி, பொழுது சாய்ந்ததும் எழுந்து போவார். போகும்போது நாள் முழுக்க ரோடு போட்டவரைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த விடுமுறைக்குச் சித்தப்பா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். அய்யாவுக்குக் கடைசித் தம்பி. ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷம் மட்டும் பாக்கி. அய்யாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி. முதுகுளத்தூர்ப் பக்கம் வெள்ளாமை பார்த்த சம்சாரிக் குடும்பத்திலிருந்து டவுனுக்கு வந்து, தனி ஆளாக மண்டி வைத்து நிமிர்ந்தவர். தம்பி படிக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமைதான். என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால்தான் சங்கடம்.

வந்த அன்றே சாப்பாட்டு இலைக்கு முன்னால் விசாரணை தொடங்கிவிட்டது.

"படிச்சு முடிச்சு சினிமாவுக்கு போர்டு எழுதுவியாலே?"

"இல்லண்ணே."

"காலண்டருக்கு சாமிப் படம்?"

"இல்லண்ணே. தகட்டுல கோடு கீறி, அதை மை போட்டு அச்செடுக்குறது. அதுதான் நான் எடுத்திருக்க பாடம்."

"கோடு கிழிக்கவா மெட்ராஸ் வரைக்கும் போன? இங்கன உக்காந்து கிழிச்சா விழாதா?"

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா சிரிக்கவில்லை. அய்யா அடுத்துச் சொன்னது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். படித்தவரை போதும், ஆடி பிறந்ததும் மண்டியில் வந்து உட்கார வேண்டும், மண்டிக்கு இன்னொரு கை வேண்டியிருக்கிறது என்றார் அய்யா. சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிசைந்த சோறு அப்படியே இலையில் கிடந்தது.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள் முடிந்திருந்தால் சித்தப்பா இன்றைக்கு மிளகாய் வியாபாரியாகியிருப்பார். ஆனால் எங்கள் தெருவில் எந்தப் பேச்சும் வீட்டுக்குள் முடிந்ததில்லை. எதிர்வீட்டுப் பெரியப்பா மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. தெருவில் யாருக்குமே சொந்தமில்லை. ஆனால் எல்லோருக்கும் பெரியப்பா. யார் வீட்டில் என்ன தகராறு என்றாலும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காராவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. அவர்தான் தீர்ப்பு மாதிரி ஒரு யோசனை சொன்னார்.

"பயல் படிச்சது படிப்பா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்? நம்ம தெருவை வரையச் சொல்லு. எல்லாரும் பாப்போம். இது நம்ம தெருதான்னு தெருவே சொல்லிச்சுன்னா போகட்டும். ஒரு தப்பு இருந்தாலும் மண்டிக்கு வந்துறட்டும்."

அய்யாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. தெருவாவது, ஒரே குரலில் ஒன்றைச் சொல்வதாவது என்ற தைரியம் அவருக்கு. சித்தப்பா மட்டும் உற்சாகமாகிவிட்டார். "ஒரு கோடுகூடத் தப்பா விழாதுண்ணே, எழுதி வச்சுக்கங்க" என்றார்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கு மேற்காக நீண்ட தெரு. வடக்கே ஒரு வரிசை வீடுகள், தெற்கே ஒரு வரிசை. எங்கள் வீடு தெற்கு வரிசை. பெரியப்பா வீடு வடக்கு வரிசை. நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம்தான், ஆனால் பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டியிலிருந்து முளைப்பாரி யார் முதலில் எடுப்பது என்பதுவரை இரண்டு வரிசைக்கும் ஆகாது. இதில் வடக்கு வரிசைக்கு ஒரு பெரிய பலம், மேற்கு முனையில் வேப்பமரத்தடிச் சிறு கோயிலில் இருக்கும் பிள்ளையார். திருடிக்கொண்டு வந்து வைத்த பிள்ளையாருக்குத்தான் சக்தி அதிகம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தப் பிள்ளையாரையும் வடக்கு வரிசையின் முன்னோர் யாரோ பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையிலிருந்து தூக்கி வந்தார்களாம். தூக்கி வந்தவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும் அல்லவா, வேறு யாராவது தூக்கிவிடுவார்களோ என்று? வடக்கு வரிசைக்கு அந்தப் பயம் பரம்பரையாகவே இருந்தது. தெற்கு வரிசைக்காரர்கள் விளக்குப் போட வந்தால்கூட ஒரு கண் வைத்திருப்பார்கள்.

சித்தப்பா வேலையைத் தொடங்கினார். பெட்டியிலிருந்து ஒரு துத்தநாகத் தகட்டை எடுத்தார். அதன் மேல் மெழுகு பூசி, அரிக்கேன் விளக்கின் புகையில் காட்டிக் கறுப்பாக்கினார். வரைவதற்குக் கொண்டுவந்த ஊசி ரயிலில் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. அதனால் அய்யாவின் மண்டியிலிருந்தே சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றைக் கேட்டு வாங்கி, நுனியைக் கல்லில் உரசிக்கொண்டார். ரோலரின் இருக்கையிலிருந்து கோழியைக் கிளப்பிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும், கடைசியில் இருக்கும் பிள்ளையார் வரைக்கும் தெரியும். கோழி நாலைந்து நாள் கீழே நின்று அவரைத் திட்டிக்கொண்டே இருந்தது.

கறுப்புத் தகட்டில் ஊசி போகிற இடமெல்லாம் கோடு பளபளவென்று தெரிந்தது. நான் ரோலரின் படியில் தொற்றிக்கொண்டு நாள் முழுக்கக் கேள்வி கேட்டேன். வீட்டுச் சுவரெல்லாம் ஏன் இப்படி நடுங்குகிறது? "சுவரு நேரா இருக்குன்னு உனக்கு யாரு சொன்னது? போய்ப் பாத்துட்டு வா." போய்ப் பார்த்தேன். எந்தச் சுவரும் நேராக இல்லை. வானத்தில் ஏன் ஒன்றுமே வரையவில்லை? "அதுதான் வெயில். வெயிலை வரைய முடியாது, விட்டு வைக்கத்தான் முடியும்." நிழலுக்கு மட்டும் கோட்டின் மேல் கோடு, அதன் மேல் குறுக்குக் கோடு என்று போட்டுக்கொண்டே போனார். உச்சி வெயிலில் எங்கள் தெருவில் நிழல் சுவரோரம் ஒரு முழம்தான் விழும். அந்த ஒரு முழத்துக்கு அவர் செலவழித்த நேரத்தில் ஒரு வீடே கட்டியிருக்கலாம்.

மூலைவீட்டுச் சின்னம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, போன மாசந்தான் வெள்ளையடிச்சேன், காரை பேந்த மாதிரி கிறுக்கி வச்சிருக்கியே" என்று கோபித்துக்கொண்டார். எனக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. நானும் படத்தில் இருக்க வேண்டும். இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, எங்கள் வாசற்படியில் ஒரு காலை முழுவதும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். வந்து தகட்டைப் பார்த்தால் ஒரு வளைவும் இரண்டு புள்ளியும் இருந்தன. நான் அழுதேன். "நல்லா உத்துப் பாரு, உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு" என்றார் சித்தப்பா. அழுகையை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தேன். எனக்கு வளைவும் புள்ளியும்தான் தெரிந்தன.

வரைந்து முடித்ததும் தகட்டைத் திராவகத்தில் போட வேண்டும். கீறின இடத்தை மட்டும் திராவகம் தின்று பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் மை தங்கும். தெரிந்த தங்கப் பட்டறையிலிருந்து திராவகம் வந்தது. அம்மாவின் நீல பிளாஸ்டிக் பேசின் பலியானது. தகட்டில் குமிழ் குமிழாக எழும்பியதைத் தள்ளிவிட ஓர் இறகு வேண்டும் என்றார். ரோலர் கோழி தன் பழைய இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனிடமே ஒன்றைப் பிடுங்கி வந்தேன். கொல்லையில் எழுந்த நெடியில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மெட்ராஸ்ல இதுக்கா தம்பி பீஸு வாங்குறாக?" என்று கேட்டாள். "இதுக்குத்தான் மதினி" என்றார் சித்தப்பா, கண்ணில் நீர் வழிய.

தகடு தயார். ஆனால் அச்செடுக்க இயந்திரம்? கல்லூரியில் இரும்பு உருளை வைத்த பெரிய இயந்திரம் இருக்கிறதாம். ராமநாதபுரத்தில் உருளை வைத்தது என்று எங்களுக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டில் இருக்கும் கரும்புச் சாறு வண்டிதான். தகட்டில் மை தடவி, துடைத்து, ஊறவைத்த தாளை மேலே போட்டு, துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். சாறு வண்டிக்காரர் எதையும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கவா என்று மட்டும் கேட்டார். அந்த உருளையில் வரிவரியாகப் பல் இருப்பதை நாங்கள் யோசிக்கவில்லை. வெளியே வந்த தாளில் எங்கள் தெரு இருந்தது, அதன் மேல் மேலிருந்து கீழாகச் சரம் சரமாகக் கோடும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உலர்த்தியபோது அந்த வழியாகப் போன பெரியப்பா நின்று பார்த்தார்.

"தெரு மாதிரித்தான் இருக்கு. ஆனா மழை பேயுதே?"

சித்தப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார்.

"ஏலே, ராமநாதபுரத்துல இம்புட்டு மழை எப்பலே பேஞ்சது? இது ஊரே இல்ல!"

சாயங்காலத்துக்குள் அந்தத் தாளை எறும்பு மொய்த்துவிட்டது. சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். அப்போது ரோலரின் நிழலிலிருந்து டிரைவர் எழுந்து வந்தார். என்ன வேண்டும் என்று விசாரித்தார். ஒரு பெரிய உருளை, சமமாக, மெதுவாக இதன் மேல் ஏறிப் போக வேண்டும் என்றார் சித்தப்பா. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ரோலரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரைவருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த மனிதர். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியபோது தெருவே அதிர்ந்தது. கோழி கத்திக்கொண்டு கூரைமேல் ஏறியது. தார் வந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். தார் இல்லை, படம் என்று தெரிந்ததும் யாரும் திரும்பிப் போகவில்லை. சமமான இடம் பார்த்து ஒரு தடித்த பலகை, அதன் மேல் மை தடவிய தகடு, அதன் மேல் ஈரத் தாள், அதன் மேல் சித்தப்பாவின் ஹாஸ்டல் கம்பளி. "ஜல்லியத்தான் இதுவரைக்கும் அமுக்கியிருக்கேன், படிப்பை இப்பத்தான் அமுக்குறேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் ஏறினார். முதல் தடவை பலகை மளுக்கென்றது. மூலைவீட்டுச் சின்னம்மா தன் வீட்டுக் கதவுப் பலகை ஒன்றைக் கொடுத்தார். படத்தில் தன் சுவரைக் கெடுத்துவிட்டான் என்ற கோபம் அன்று அவருக்கு மறந்துபோயிருந்தது. அடுத்த தடவை ரோலர் போய் வந்ததும், சித்தப்பா மண்டியிட்டு உட்கார்ந்து கம்பளியை விலக்கி, தாளின் இரண்டு மூலையையும் பிடித்து மெதுவாக உரித்தார்.

எங்கள் தெரு கறுப்பாக, ஈரமாக வந்தது. மழை இல்லை. வெயில் அடித்தது. நிஜமாகவே அடித்தது, பார்க்கும்போது கண் கூசியது எனக்கு. நிழலெல்லாம் குளிர்ந்து கிடந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "என் வண்டி எங்கன?" என்று கேட்டார். "உங்க வண்டி மேல உக்காந்துதானே வரைஞ்சேன்" என்று சித்தப்பா சொன்ன பதில் அவரைச் சமாதானப்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை. அய்யா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார். ஒரு நாற்காலியில் படத்தைச் சாய்த்து வைத்தார்கள். பெரியப்பா தன் நாற்காலியை எதிரே போட்டு உட்கார்ந்தார். தெரு திரண்டது. ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

பிறகு வடக்கு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பிள்ளையாரு எங்கப்பா?"

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். பிள்ளையார் இருந்தார். வேப்பமரம் இருந்தது. ஆனால் இரண்டும் தெற்கு வரிசையில் இருந்தன.

தகட்டில் வரைந்ததை அச்செடுத்தால் இடம் வலம் மாறித்தான் விழும். சித்தப்பாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் மெட்ராஸில் அவர் வாத்தியார்கள் யாரும் ராமநாதபுரத்தைப் பார்த்தவர்கள் இல்லை. எந்தக் கோயில் எந்தப் பக்கம் இருந்தால் அவர்களுக்கு என்ன? பழக்கதோஷத்தில் இங்கேயும் அப்படியே வரைந்துவிட்டார். வடக்கையும் தெற்கையும் மாற்றினால் என்ன நடக்கும் என்பது, இந்தத் தெருவில் வளர்ந்தவரே மறந்துபோன விஷயம்.

"தூக்கிட்டானுக! படத்துலயே தூக்கிட்டானுக!" என்று ஒருவர் கத்தினார். "அதான் கோயிலையே பாத்துப் பாத்து வரைஞ்சானா?" என்றார் இன்னொருவர். தெற்கு வரிசைக்காரர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவர்களுக்குப் படம் ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. இதைவிடத் தெருவை யாரும் சரியாக வரைய முடியாது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போய்ப் பிள்ளையார் அவர் இடத்திலேயே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டே வந்தார்கள். அய்யாவின் மீசைக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சித்தப்பா நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாக, கண்ணாடியில் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் பெரியப்பா கையை உயர்த்தி, அதையும் பார்த்துவிடுவோம் என்று எழுந்தார். தெருவில் பெரிய கண்ணாடி சலூனில்தான் இருந்தது. படத்தைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா முன்னால் போக, சாமி புறப்பாடு மாதிரி தெரு பின்னால் போனது. சலூனில் ஒருவர் பாதித் தாடி மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளினார்கள். அவரும் சோப்பு நுரையோடு நடுவராகிவிட்டார்.

கண்ணாடிக்கு எதிரே படத்தைப் பிடித்ததும் ஒரு "அட" எழுந்தது. பிள்ளையார் வடக்கு வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் வீடு தெற்கே வந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் வழக்கு ஞாபகமில்லை. முண்டியடித்துக்கொண்டு அவரவர் வீட்டைத் தேட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு உடைந்த சன்னல், எங்கள் கிணற்று மேடை, நான் கட்டின மாடு என்று ஒரே சத்தம். மூலைவீட்டுச் சின்னம்மா தன் வீட்டுச் சுவரைக் கண்ணாடியில் பார்த்து, கண்ணாடிக்குள் பார்த்தாலும் காரை பெயர்ந்துதான் இருக்கிறது என்று வருத்தப்பட்டார். நான் என்னைத் தேடினேன். வளைவும் இரண்டு புள்ளியும் இப்போது இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன.

சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அப்போதுதான் பெரியப்பாவின் விரல் கண்ணாடியில் ஓரிடத்தில் போய் நின்றது. "இது என்னது?"

பிள்ளையார் கோயில் சுவரை ஒட்டி, வேப்பமர நிழலில், நகக்கண் அளவுக்கு என்னவோ ஒன்று இருந்தது. நாலைந்து கோடுகள்தான். ஆனால் படத்திலேயே அழுத்தமான கோடுகள்.

"அடிபம்பு" என்றார் சலூன்காரர்.

"அங்கன ஏதுய்யா அடிபம்பு?" என்றார் பெரியப்பா.

கழுதை மாதிரி இருக்கிறது என்றார் சின்னம்மா. திராவகம் சொட்டியிருக்கும் என்றேன் நான், பேசினுக்குப் பக்கத்திலேயே இருந்தவள் என்ற உரிமையில். ஒரே நிமிஷத்தில் தெரு மறுபடி இரண்டாகிவிட்டது. இல்லாத அடிபம்பை வரைந்திருந்தால் அது தப்பு. கழுதை என்றால் அது யாருடைய கழுதை? பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லுப்பா. ஒரு கோடுகூடத் தப்பா விழாதுன்ன. இது என்ன?"

சித்தப்பா வாயைத் திறந்தார். அய்யாவைப் பார்த்தார். அய்யா கூட்டத்துக்குப் பின்னால், வாசல் பக்கம் நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் படமும் தெரிந்தது, எங்கள் தலைகளுக்கு மேல் அவர் முகமும் தெரிந்தது.

"அது ஒண்ணுமில்ல பெரியப்பா" என்றார் சித்தப்பா. "கை தவறி விழுந்த கோடு. தப்புத்தான்."

அந்த விடுமுறை முழுவதும் ஒரு கோட்டைக்கூடச் சும்மா விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். கழுதை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருடைய கழுதை என்பதை நாங்கள் ஒரு மாதம் பேசித் தீர்த்திருப்போம். பெரியப்பா பெருமூச்சு விட்டு, தீர்ப்பைச் சொல்ல அய்யா பக்கம் திரும்பினார். நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணாடியை விட்டுவிட்டு, படத்தையே கையில் வாங்கி அந்த இடத்தைப் பார்த்தார். கட்டை விரலால் மெதுவாகத் தொட்டார். மை இன்னும் முழுக்கக் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது.

"தப்பில்ல" என்றார். "நம்ம தெருதான். அவன் போகட்டும்."

சொல்லிவிட்டுப் படத்தைத் தம்பியிடம் கொடுத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். அப்படியானால் அது என்ன என்று பெரியப்பா பின்னாலிருந்து கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது. தெற்கு வரிசை கைதட்டியது. பிள்ளையார் கண்ணாடியில் தங்கள் பக்கமே திரும்பி வந்துவிட்ட மகிழ்ச்சியில் வடக்கு வரிசையும் கைதட்டியது. பாதித் தாடிக்காரர்தான் ரொம்ப நேரம் தட்டினார்.

அந்தக் கோடுகள் என்ன என்று சித்தப்பா என்னிடம் கடைசிவரை சொன்னதில்லை. நான் வளர்ந்து, மதுரையில் வேலைக்குப் போய், ஒரு சாயங்காலம் வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் அலுப்பெல்லாம் முகத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் பிள்ளைகள் ஓடி வரும். முகத்தைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, சிரிப்பை வரவழைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நகக்கண் அளவு உருவம் சட்டென்று எனக்குப் புரிந்தது. சைக்கிளை இடுப்பில் சாய்த்து, ஒரு கையைக் கோயில் சுவரில் ஊன்றி, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிற ஓர் ஆள். மண்டியிலிருந்து உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து, வீட்டில் யார் கண்ணிலும் படாத அந்தச் சுவரோரத்தில் நின்று, மூச்சு வாங்கி, துண்டால் துடைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு அப்புறம் தெருவுக்குள் வருகிற ஆள். எங்கள் வாசலிலிருந்து அந்த இடம் தெரியாது. ரோலர் மேலிருந்து தெரியும். மண்டிக்கு இன்னொரு கை எதற்கு வேண்டியிருந்தது என்று சித்தப்பாவுக்கு அங்கேதான் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை வரைந்தார். வரைந்ததை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆடிக்கு முன்னாலேயே சித்தப்பா மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். அய்யாவே டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார். அதற்கு மறுநாளிலிருந்து அய்யாவைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. அதுவரை மதியம் வீட்டுக்கு வரும்போது மணியை அடித்துக்கொண்டு, "ஏத்தா, சோறு ஆயிருச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற குரலோடு வருவார். வந்த வேகத்தில் என்னைத் தூக்கிச் சுற்றுவார். களைப்பு என்பதே அய்யாவுக்குக் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் நான் பெருமையடித்து வைத்திருந்தேன். இப்போதோ எங்கேயும் நிற்காமல் நேரே வந்து, சைக்கிளைச் சுவரில் போட்டுவிட்டு, நனைந்த சட்டையோடு அப்படியே தரையில் சாய்ந்துவிடுவார். "செத்த நேரம் விசிறு, முடியல" என்பார். மோரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தம்பியைப் பிரிந்த துக்கத்தில் அய்யாவுக்கு உடம்புக்கு என்னவோ வந்துவிட்டது என்று நான் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன், வடக்கு வரிசைப் பிள்ளையார்தானே என்றுகூடப் பார்க்காமல். அம்மா பனையோலை விசிறியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலைப் பிடித்துவிடுவாள். மண்டியில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கண்ணைத் திறக்காமலே சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அய்யா அப்படித் துவண்டு துவண்டு வந்த அந்த நாட்களில் அம்மா மட்டும் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.